2,846 அங்க அடையாளங்கள்

2023 பிப்ரவரி 11, சனிக்கிழமை, காலை 9.40 மணி. அடையாற்றில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில், பின்னந்தலையிலிருந்து 2,846 முடிவேர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி முன்னந்தலையில் நடும் பணி தொடங்கியது. தலை ஆ. கருணாகரனுடையது. வயது ஐம்பத்திரண்டு. சைதாப்பேட்டையில் இருக்கும் படிவங்கள் மற்றும் பதிவேடுகள் இயக்ககத்தில் உதவியாளர்.

இந்த இயக்ககத்தைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மற்ற அலுவலகங்களுக்கு வேண்டிய படிவங்களை வகுத்துத் தருவது இதன் பணி. படிவம் வேண்டும் என்று கேட்பதற்கும் இங்கே ஒரு படிவம் உண்டு. பொதுமக்கள் இங்கே வரவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் தினமும் நூறு பேர் வருகிறார்கள், மற்ற அலுவலகங்கள் அனுப்பிவைப்பதால்.

கருணாகரன் தலையில் கைவைத்ததற்குக் காரணம் தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றின் விற்பனையாளர். தீபாவளிக்குத் துணி எடுக்க அலுவலக நண்பர் ஆனந்தகுமாருடன் போயிருந்தபோது, "பெரியவருக்கு ஒரு சேர் போடுப்பா" என்று அவர் சொன்னார். ஆனந்தகுமாரைத் "தம்பி" என்றார். ஆனந்தகுமார் ஆறே வயது இளையவர். பணிமூப்புப் பட்டியலில் கருணாகரனுக்கு அடுத்த பெயர்.

நடுவதற்கு முன் கருணாகரன் தன் பத்தாம் வகுப்புப் புகைப்படத்தை டாக்டர் ஃபராஸிடம் காட்டினார்.

"இதே மாதிரி வேணும் டாக்டர். முடிஞ்சா இன்னும் அரை விரல் கீழே."

டாக்டர் அரை விரல் கீழேயே கோடு போட்டார். மாலையில், வெள்ளைக் கட்டுப் போட்ட தலையிடம் விளக்கினார்.

"நடவு முடிஞ்சுது சார். இனிமேதான் வேலையே. இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு, காலைல ஒரு மில்லி, ராத்திரி ஒரு மில்லி, இந்தச் சொட்டு மருந்து. தினம் ஒரு மாத்திரை. மூணாம் மாசத்துலேருந்து உங்க ரத்தத்தையே எடுத்து, மெஷின்ல சுத்தவிட்டு, உங்க தலையிலேயே ஊசி."

"எத்தனை நாளைக்கு?"

"முடி வேணும்ங்கற வரைக்கும்."

"பர்மனென்ட்னு சொன்னீங்களே?"

"நட்டது பர்மனென்ட்தான். பக்கத்துல ஏற்கெனவே இருக்கே, அதுதான் டெம்பரரி. மருந்தை விட்டா அது கிளம்பிடும். நட்டது மட்டும் தீவு மாதிரி நிக்கும்."

நிரந்தரப் பணியாளர்கள் நிலைத்து நிற்கத் தற்காலிகப் பணியாளர்கள் சுற்றிலும் நின்று சுமக்க வேண்டும் என்ற தத்துவம் கருணாகரனுக்கு அலுவலகத்திலேயே பழக்கம். தலையாட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் ஆட்டவில்லை.

மூன்றாவது வாரம் நட்டதெல்லாம் கொட்டியது. "கொட்டணும் சார், கொட்டினாத்தான் வளரும்" என்றார் டாக்டர். முப்பது வருடம் அரசுப் பணியில் இருந்தவருக்கு இந்த விளக்கத்தை ஏற்பதில் சிரமம் இருக்கவில்லை.

டாக்டர் சொன்னபடியே வளரவும் செய்தது. பத்தாவது மாதத்தில் கருணாகரன் பாக்கெட்டில் சீப்பு வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். மருந்து காயும்வரை அவரைத் தலையணைப் பக்கம் விடாத மனைவி ஜெயபாரதிகூட, "ஏதோ சினிமால அப்பா வேஷத்துக்கு வர்ற ஆள் மாதிரி இருக்கீங்க" என்றார். கருணாகரன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

2024 ஜனவரியில் கண்காணிப்பாளர் பதவி உயர்வுக்குப் பட்டியல் தயாரானது. காலியிடம் ஒன்று. முதல் பெயர் கருணாகரன், இரண்டாவது ஆனந்தகுமார். முதல் பெயர் தவறினால் இரண்டாவது ஏறும். ஏறினால், கருணாகரன் ஓய்வுபெறும்வரை ஆனந்தகுமாரை "சார்" என்று கூப்பிட வேண்டும். அரை நாள் விடுப்புக்கு அவர் மேசை முன்னால் நிற்க வேண்டும். இரண்டையும் நினைத்தபோது கருணாகரனுக்கு உச்சந்தலை அரித்தது. அது மருந்தாலும் இருக்கலாம்.

பட்டியலில் உள்ளவர் அவரேதானா என்று உறுதிசெய்வது நிர்வாக அலுவலர் அனுப்ரியாவின் பொறுப்பு. முப்பத்தெட்டு வயது. கோப்பில் ஒரு கமா தவறினால் தூங்காதவர். பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திறந்தார். அங்க அடையாளங்கள் இரண்டு. ஒன்று, இடது முழங்கையில் ஒரு தழும்பு. இரண்டு, இடது மேல்நெற்றியில் ஒரு கறுப்பு மச்சம். பத்தாம் வகுப்பில் வகுப்பாசிரியர் நிமிடத்துக்கு மூன்று பையன்கள் வீதம் பார்த்து எழுதியவை.

"தழும்பு?"

"சைக்கிள்ல விழுந்தது மேடம். முப்பத்தேழு வருஷமாச்சு, மறைஞ்சுடுச்சு."

"மச்சம்?"

"முடிக்குள்ள இருக்கு." கருணாகரன் முடியை விலக்கிக் காட்டினார்.

"இருக்கு. கையை எடுங்க."

எடுத்தார்.

"இப்ப இல்ல."

"விலக்கினா இருக்கு மேடம்."

"பதிவேட்டுல 'விலக்கினால் தெரியும் மச்சம்'னு இல்லையே. நான் பாக்கும்போது இருக்கணும், நீங்க காட்டும்போது இல்ல."

"என்னை உங்களுக்குத் தெரியும் மேடம். தினமும் உங்களுக்குத்தானே கோப்பு வைக்கிறேன்."

"எனக்குத் தெரியும். பதிவேட்டுக்குத் தெரியலையே."

பிரச்சினை முறைப்படி ஆராயப்பட்டது. முடி தற்காலிகமானால், உதிரும்வரை காத்திருந்து மச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம். நிரந்தரமானால், மச்சம் இல்லாமலே போய்விட்டதாகக் கருத வேண்டும். எது என்று தெரிவிக்குமாறு டாக்டர் ஃபராஸுக்குக் கடிதம் போயிற்று. மச்சத்தை மறைப்பவை 43 முடிகள், அவற்றில் நட்டவை 29, பழையவை 14 என்று அவர் பூதக்கண்ணாடியில் பார்த்து எழுதினார். 29 நிரந்தரம், 14 மருந்து உள்ளவரை.

இயக்ககம் மறுகடிதம் எழுதியது. அந்த 29-ம் பின்னந்தலையில் முன்பு வகித்த இடங்கள் தற்போது காலியாக உள்ளனவா, அவை அங்கே திரும்ப அழைக்கப்பட வாய்ப்புண்டா? டாக்டர் இதற்குப் பதில் எழுதவில்லை. பதில் வராததால் நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு சென்றன.

ஆனந்தகுமார் டீக்கடையில் பரிவு காட்டினார்.

"எனக்கே ஒரு மாதிரி கீதுண்ணா. வேணும்னா பதவி வேணாம்னு எழுதிக் குடுத்துடட்டுமா?"

"குடுப்பியா?"

"இல்லண்ணா, சொல்றதுக்கு நல்லாக் கீதேன்னு சொன்னேன்."

மறுநாள் காலை கருணாகரன் ராயப்பேட்டையில் தன் வீட்டுக்கு அருகில் உள்ள சர்தாரின் சலூனுக்குப் போனார். இருபது வருடப் பழக்கம்.

"மச்சத்தைச் சுத்தி ஒரு ரூபா அளவுக்கு வட்டமா வழிச்சுடு சர்தார்."

சர்தார் கத்தியைக் கீழே வைத்தார். "இன்னா நைனா, காசு குடுத்து நட்டுக்கினு, இப்ப இன்னாத்துக்கு வழிக்கச் சொல்றே?"

"ஆபீஸ்ல மச்சம் பாக்கணுமாம்."

"ஆபீஸ்ல வேலை செய்யறியா, பொண்ணு பாக்க நிக்கிறியா?"

வழித்தார். வட்டம் கச்சிதமாக வந்தது. கருணாகரன் பத்தே காலுக்கு அனுப்ரியாவின் முன்னால் நின்றார். மச்சம் பளிச்சென்று தெரிந்தது. பதினொன்றரைக்கு ஒழுங்கு நடவடிக்கைக்கான 17-ஏ குறிப்பாணை வழங்கப்பட்டது. குற்றச்சாட்டு: விசாரணையில் உள்ள முடியை அனுமதியின்றி அகற்றியது.

பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். மூன்றாம் நாளே வட்டத்துக்குள் முடி முளைத்துவிட்டது. சிகிச்சை நன்றாக வேலை செய்தது.

வீட்டில் ஜெயபாரதி மருந்துப் பாட்டிலை எடுத்து ஒளித்துவைத்தார். "விட்டுத் தொலைங்க. இருக்கிறது கொட்டட்டும், மச்சம் வரட்டும், பதவி வரட்டும்."

"கொட்டினாலும் பழசுதான் கொட்டும். நட்ட இருபத்தொம்பதும் மச்சத்து மேலயே நிக்கும்" என்றார் கருணாகரன், அழாத குறையாக. "முடியும் போய், பதவியும் போய், ஆனந்தகுமார் முன்னாடி நிக்கணும்."

பாட்டிலைத் திருப்பித் தந்தார் ஜெயபாரதி.

ஜூன் மாதம் அனுப்ரியாவே வழி கண்டுபிடித்தார். அவர் கெட்டவர் அல்லர். பதிவேட்டின் நலனைக் கருதியே எதையும் செய்பவர்.

"மச்சத்தை ரத்து பண்ணிடலாம். மச்சம் இல்லேன்னா 17-ஏ-வும் இல்ல. புதுசா ஒரு அடையாளம் எழுதலாம். உங்ககிட்ட பளிச்சுனு தெரியறது என்ன?"

"முடிதான் மேடம்."

"எத்தனை? சான்று இருக்கா?"

கிளினிக் தந்த சான்றிதழை கருணாகரன் சட்டைப் பையில் வைத்தே திரிந்துகொண்டிருந்தார். பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஏறியது: "முன்னந்தலையில் நடப்பட்ட முடி. எண்ணிக்கை 2,846." 2024 ஜூன் 28-ல் பதவி உயர்வு ஆணை வந்தது. கீழே ஒரு நிபந்தனை: மேற்படி அடையாளத்தைப் பணிக்காலம் முழுவதும் குறைவின்றிப் பேணுதல் வேண்டும்.

அதற்கென ஒரு பதிவேடு திறக்கப்பட்டது. நாள், நேரம், மருந்தின் அளவு, மருந்து இட்டவர், இட்டதைக் கண்டவர். தினமும் பத்தேகாலுக்கு, அனுப்ரியாவின் அறையில், சுவரைப் பார்த்து நின்று கருணாகரன் ஒரு மில்லி தடவிக்கொண்டார். இரவு வேளைக்கு மறுநாள் உறுதிமொழிப் படிவம். அந்தப் படிவத்தை இயக்ககமே வகுத்தது. இரண்டு வருடத்தில் இயக்ககம் உரிய காலத்தில் முடித்த ஒரே படிவம் அது.

அதோடு நின்றிருக்கும். பணியாளர் சங்கம் விடவில்லை. ஒரு கண்காணிப்பாளரின் முடிக்கு அங்கீகாரம், மற்றவர்களின் முடிக்கு இல்லையா என்று கடிதம் கொடுத்தது. சமநீதி கருதி செப்டம்பரில் சுற்றறிக்கை வெளியானது. கண்காணிப்பாளர்கள் அனைவரும், அப்பதவியை நாடுவோரும், முன்னந்தலை முடியை எண்ணிக்கையுடன் பதிவு செய்ய வேண்டும். நட்ட முடிக்கு மட்டுமே சான்றிதழில் எண் உண்டு. சொந்த முடிக்கு யாரிடமும் எண் இல்லை. ஆகவே நல்ல முடி இருந்தவர்களும் அடையாற்றுக்குப் போனார்கள். கிளினிக் அரசுப் பணியாளருக்கென்று தனியாக ஒரு சனிக்கிழமை ஒதுக்கியது.

அந்தக் குளிர்காலத்தில் சைதாப்பேட்டையில் தொப்பி போடாத கண்காணிப்பாளரைப் பார்க்க முடியவில்லை. வராந்தாவில் பேச்சு மாறியது. பஞ்சப்படி பற்றிப் பேசியவர்கள் ரத்த ஊசி பற்றிப் பேசினார்கள். எத்தனை நட்டது என்பதே பணிமூப்பு ஆயிற்று.

"மூவாயிரத்து நூறுண்ணா" என்றார் ஆனந்தகுமார். "உன்னைவிட எரநூத்தம்பத்திநாலு ஜாஸ்தி."

"எங்கே, காட்டு."

ஆனந்தகுமார் தொப்பியைக் கழற்றினார். மூன்றாவது வாரம். தலை சுத்தமாக இருந்தது.

"கொட்டணுமாம்ண்ணா. சர்டிபிகேட்ல கீது."

அந்தச் சான்றிதழின் பேரில் டிசம்பரில் அடுத்த காலியிடம் அவருக்குக் கிடைத்தது. இருவரும் இப்போது சம பதவி. யாரும் யாரையும் "சார்" என்று கூப்பிட வேண்டாம். கருணாகரன் அன்று நிம்மதியாக மருந்து தடவிக்கொண்டார்.

2025 ஜூலையில் ஆண்டாய்வு. நிபந்தனைப்படி அடையாளம் குறைவின்றிப் பேணப்படுகிறதா என்று நேரில் எண்ணிப் பார்க்க வேண்டும். பண்டகசாலையிலிருந்து பூதக்கண்ணாடிகள் வந்தன. கருணாகரன் தலையில் எண்ணிக்கை 2,597. மூன்று முறை எண்ணியும் அதேதான். டாக்டர் ஃபராஸ் விளக்கத்துக்கு அழைக்கப்பட்டார்.

"நூத்துக்குத் தொண்ணூறு பிடிச்சா அது நல்ல ரிசல்ட் மேடம். இவருக்கு அதுக்கும் மேலயே பிடிச்சிருக்கு."

"மீதி இருநூத்து நாப்பத்தொம்பது எங்கே?"

"வளரல."

"சான்றிதழ்ல இருக்கே."

"அது நட்ட கணக்கு மேடம். வளர்ந்த கணக்கு இல்ல."

அனுப்ரியா பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார். இயக்ககத்தின் நாற்பது வருடப் பதிவேடுகள் எதிலும் வளர்ந்ததற்கு ஒரு கட்டம் இருந்ததில்லை. நட்டதற்குத்தான் இருந்தது.

"ஒரு சான்றிதழ் தப்பா எழுத முடியாது டாக்டர். அப்ப ஆள்தான் வேற" என்றார்.

"மேடம், நான் கருணாகரன்" என்றார் கருணாகரன்.

"கருணாகரனுக்கு 2,846 சார். நீங்க யாருன்னு விசாரிக்கணும்."

2025 ஜூலை 14, திங்கட்கிழமை நிலவரப்படி, படிவங்கள் மற்றும் பதிவேடுகள் இயக்ககத்தில் கண்காணிப்பாளர் பணியிடங்கள் ஒன்பது. ஆய்வில் எல்லாத் தலைகளும் எண்ணப்பட்டு, ஒன்பது நாற்காலிகளிலும் அடையாளம் தெரியாத நபர்கள் அமர்ந்திருப்பது கண்டறியப்பட்டது. விசாரணை முடியும்வரை அவர்களே பணிகளைக் கவனிக்குமாறு ஆணையிடப்பட்டது. அன்று 112 மனுக்கள் பெறப்பட்டன. பொதுமக்களிடமிருந்து புகார் எதுவும் இல்லை.