பர்மா துப்பாக்கியின் நம்பர்

நாகரசம்பட்டி,
வியாழக்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் நல்லுசாமி அவர்களுக்கு, கோவிந்தப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை ராஜாத்தியும் சௌகரியம். மாமரங்கள் சௌகரியம். காட்டுப்பன்றிகள் எங்கள் எல்லாரையும்விடச் சௌகரியம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் சர்க்கரையும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போச்சம்பள்ளி என்ன சீமையா, போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பீர்கள். போனில் பேசினால் உங்கள் தங்கை காதில் விழும். விஷயம் அவள் காதில் விழக்கூடாத விஷயம்.

எங்கள் வீட்டுத் துப்பாக்கியைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் தாத்தா பர்மா சண்டையில் தூக்கிய துப்பாக்கி, துரை மெச்சிக் கொடுத்தது, ஊருக்கு வந்தபின் வேட்டைக்காக மாற்றியது என்று முப்பத்தைந்து வருஷமாகக் காதுகுத்து, சீர், கெடா வெட்டு ஒன்றையும் விடாமல் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டுத் துப்பாக்கியைக் 'கொட்டாய்க்குக் காவல் இருக்கிற கொழாய்' என்று சபையில் கிண்டல் செய்ததும் நான்தான். இப்போது லைசென்ஸ் புதுப்பிக்கப் போனால், எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகிறது, முப்பதாம் தேதிக்குள் துப்பாக்கியின் மேலேயே இருக்கிற நம்பரைக் காட்டு, இல்லாவிட்டால் லைசென்ஸ் ரத்து, துப்பாக்கியை ஒப்படைத்துவிடு என்கிறார்கள். இத்தனை வருஷம் புத்தகத்தை நீட்டினேன், முத்திரை விழுந்தது, அதோடு சரி. நம்பரைத் தேடினால் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அப்பிய சந்தனமும் குங்குமமும், அது உதிராமல் இருக்க நான் அடித்த வார்னிஷும்தான் கண்ணுக்குத் தெரிந்தன.

ஓசூர் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறானே நம் நவீன்குமார், அவனை லீவு போட்டு வரச் சொன்னேன். பெற்ற தகப்பனையே மேலும் கீழும் பார்த்து 'ஓகே', 'ரிஜெக்ட்' என்று சொல்கிற பையன் அவன். மண்ணெண்ணெய், பல் விளக்கும் பிரஷ், அளவுக்கருவி எல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அரை நாளில் ஒரு கிரீடம் தெரிந்தது. கிரீடத்துக்குக் கீழே ஆங்கில எழுத்துகள், ஒரு பழைய வருஷம். போட்டோ எடுத்து, பெங்களூரில் பட்டாளத்துத் துப்பாக்கிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருக்கு அனுப்பினான். அவர் கன்னடமும் தமிழும் கலந்து போனில் சொன்னார், "நோடி சார், இது பட்டாளத்துது, டவுட்டே பேடா, சந்தேகமே வேணாம். முன்னாடி மரத்த அறுத்து எடுத்திருக்காங்க. கொழல் உள்ள இருந்த சுருள் வரிய வழிச்சு, ரவைக் குண்டு போட்டு சுடற மாதிரி மாத்திருக்காங்க. மாத்துனவன் கை சுத்தமான கை." சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே குடும்ப குரூப்பில் நாலு நிமிஷத்துக்குப் பேசி அனுப்பினேன். நீங்கள்கூட ஒரு கட்டைவிரல் போட்டிருந்தீர்கள்.

மறுநாள்தான் கிரீடத்துக்குப் பக்கத்தில் நம்பர் தெரிந்தது. என் லைசென்ஸில் இருக்கிற நம்பருக்கும் அதற்கும் ஒரு எழுத்துக்கூட ஒட்டவில்லை. தாத்தா காலத்தில் குமாஸ்தா தப்பாக எழுதியிருப்பான் என்றேன். நவீன் செல்போனை நோண்டினான். போன மாசம் உங்களுக்கும் அவன்தானே விண்ணப்பம் போட்டுக் கொடுத்தான், உங்கள் லைசென்ஸ் போட்டோ அதில் இருந்தது, துப்பாக்கியில் இருக்கிற அதே நம்பர். நீட்டினான். "அப்பா, இது நம்ம துப்பாக்கி இல்ல. மாமாவூட்டுது."

மச்சான், திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். யோசித்துப் பார்த்தேன். எண்பத்தொன்பது தேர்தலுக்கு எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். இரண்டு வீட்டுக்கும் ஒரே ஸ்டேஷன். எங்கள் அப்பாவும் உங்கள் அப்பாவும் சாக்கில் சுற்றித்தான் கொடுத்தார்கள். இரண்டுமே தாழ்ப்பாள் இழுத்துச் சுடுகிற ஒற்றைக் குழல். திரும்ப வாங்கும்போது அப்பா கைமாற்றி எடுத்து வந்திருக்கிறார். பாவம், அவருக்குக் கண்ணில் புரை விழுந்த வருஷம் அது. சின்ன வயசில் பர்மா கதையை நான் கேட்டதாகவே ஞாபகம் இல்லை, துப்பாக்கி மாறியபின் முளைத்த கதைதான் அது என்பதும் இப்போதுதான் உறைக்கிறது. தாத்தா பர்மா போனதற்கு இந்தத் துப்பாக்கியைத் தவிர வேறு சாட்சியும் கிடையாது. நான் கிண்டல் செய்த கொழாய்தான் எங்கள் பரம்பரைச் சொத்து.

ஆகவே ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமை உங்கள் வீட்டில் இருப்பதை, அதாவது எங்களுடையதை, எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிடுங்கள். இரண்டையும் நம்பர்படி பதிந்துவிடுவோம். அதன்பிறகு விசேஷங்களில் பர்மா பேச்சு வந்தால் மட்டும் நீங்கள் கண்டும் காணாமல் இருந்துவிட வேண்டும். அறுபத்திரண்டு வயசில் எனக்குச் சபையில் பேச வேறு விஷயம் கிடையாது. ராஜாத்திக்குத் தெரிந்தால் இந்த ஜென்மம் முழுக்கச் சொல்லிக் காட்டுவாள். நவீனின் வாயைக் கட்ட ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. நீங்கள் நூறு வருஷம் நல்லபடியாக, முக்கியமாக வாய் திறக்காமல், இருக்கவேண்டும் என்று வேண்டும்,

உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
கோவிந்தப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கேட்டேன். பசையோடு வந்த ராஜாத்தி, என் மூஞ்சியைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். "இதுக்கா ரெண்டு நாளா சோறு எறங்கல? துப்பாக்கி மாறுனத எங்கப்பா அன்னைக்கே பாத்துட்டாரு. எங்கண்ணன் மாத்திட்டு வரேன்னு சைக்கிள எடுத்துச்சு. எங்கப்பாதான், நிச்சயம் முடிஞ்ச வூடு, சம்பந்தி ஆசப்பட்டு எடுத்துட்டாரு, கெடக்கட்டும் வுடுன்னு நிறுத்திட்டாரு" என்கிறாள். அப்படியென்றால் உங்களுக்கும் அன்றிலிருந்தே தெரியும். எங்கள் மகள் பிரவீனா வளைகாப்பில், பர்மா கதையில் தாத்தா ஆற்றைக் கடந்த இடத்தை நான் விட்டுவிட்டபோது, "பாலம் ஒடஞ்சத சொல்லலியே மச்சான்" என்று எடுத்துக் கொடுத்ததே நீங்கள்தான். வெட்கமாக இருக்கிறது. மாமனார் உயிரோடு இருந்தபோது இது தெரியாமல் போனதே என்று அதைவிட வருத்தமாக இருக்கிறது. மேலே எழுதியது எதையும் மனசில் வைக்க வேண்டாம், திங்கட்கிழமை நீங்கள் வரவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே உங்கள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வருகிறேன். ராஜாத்தியும் வருகிறாள், கோழி அடிக்கச் சொன்னாள். ஒன்றே ஒன்று மச்சான், வாசலிலேயே சிரித்துவிடாதீர்கள். நான் உள்ளே வந்து உட்கார்ந்தபிறகு சிரியுங்கள்.