அரசாங்கம் என் கால் அளவைக் கேட்டது

புதிதாக வாங்கிய எதையும் உறையைக் கழற்றிப் பாவிக்கத் தெரியாத குடும்பம் எங்களுடையது. புலம்பெயர்ந்து வந்து குடியேறிய டோர்செட் பார்க் அடுக்குமாடியில், எங்கள் சோபா எட்டு வருடமாகப் பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்தது. (கோடையில் எழும்பினால் தோலும் கூடவே வரும்.) இதை ஒப்புக்கொண்டால்தான் மிச்சத்தை நம்புவீர்கள்.

பதினொரு வருடத்துக்கு முந்திய மாசி மாதம். நான் வேலைசெய்த தையல் ஆலை மூடி, அரசாங்க உதவிப் பணத்தில் பத்து மாதம் ஓடியிருந்தது. ஒருவழியாக ஒரு சாமான் களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. சந்தோஷத்தைவிடப் பயம்தான் பெரிது. சொன்னால் அன்றைக்கே பணத்தை வெட்டிவிடுவார்கள். முதல் சம்பளம் வரும்வரை என்ன செய்வது? குற்றவாளியைப் போலப் போய், மார்ஷா என்ற அதிகாரியிடம் சொன்னேன்.

அவர் எழும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலை தொடங்கும் செலவுக்கும் பணம் உண்டாம். என்ன தேவை என்றார். பஸ் காசு, குளிர் அங்கி, நுனியில் இரும்பு வைத்த சப்பாத்து என்றேன்.

"சப்பாத்து என்ன அளவு?"

என் வாழ்நாளில் அரசாங்கங்கள் என்னிடம் பெயர் கேட்டிருக்கின்றன. ஊர் கேட்டிருக்கின்றன. எங்கே போகிறாய் என்று வீதியில் மறித்துக் கேட்டிருக்கின்றன. கால் அளவு கேட்டது இதுதான் முதல் தடவை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. யாரோ என் காலடியில் வெயிலை விரித்தது போலிருந்தது.

"வாங்கியதும் ரசீதைக் கொண்டுவாருங்கள்," என்றார்.

ரசீதைக் கேட்பவர்கள் ஒருநாள் சப்பாத்தையும் கேட்பார்கள் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைத்தார்.

"உது கவுண்மேந்துச் சாமான். கீறு விழாமல் திருப்பிக் குடுக்கவேணும்," என்று, முதல் நாள் காலை இரண்டு சப்பாத்துக்கும் மரக்கறிக்கடைப் பிளாஸ்ரிக் பை போட்டு ஒட்டுநாடா சுற்றினார்.

"அம்மா, சீரியஸா?" என்றாள் பன்னிரண்டு வயது மகள் அபி.

களஞ்சியத்தின் தரை கண்ணாடிபோல வழுவழுப்பு. நான் நடக்கவில்லை, வழுக்கினேன். கைகளை விரித்து, ஒரு கொக்கின் கம்பீரத்தோடு (அப்படித்தான் நினைத்தேன்) போய் ஊறுகாய்ப் பெட்டி அடுக்கில் மோதினேன். உச்சிப் பெட்டி நேரே என் வலது காலில் விழுந்தது. எண்ணெய், மாங்காய், கண்ணாடித்துண்டு.

மேற்பார்வையாளர் செல்வம் அண்ணை ஓடிவந்தார். "தங்கச்சி, விரலை ஆட்டுங்கோ!"

ஆட்டினேன். ஐந்தும் ஆடின. அத்தனை போத்தல் விழுந்தும், உள்ளே என் சின்னவிரல் நித்திரையால் எழும்பிய குழந்தைபோல நெளிந்தது. அந்த அதிசயத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நோகுதோ?"

"இல்லை அண்ணை. சப்பாத்து நசுங்கிப்போச்சு. கவுண்மேந்துக்கு என்ன சொல்லுறது?"

அவர் பைகளைப் பார்த்தார். "உதை ஆர் கட்டிவிட்டது?"

"எங்கட அவர்."

"உங்கட பேரில இன்சூரன்ஸ் ஏதும் எடுத்து வைச்சிருக்கிறாரோ?"

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவரோ குனிந்து, பெட்டி வெட்டும் கத்தியால் பைகளை அறுத்தெறிந்தார். "நாளைக்கு வெறும் சப்பாத்தோட வாங்கோ."

மதியம் மார்ஷாவுக்கு ஃபோன் எடுத்து, சேதத்தை அறிவித்தேன். அந்தப் பக்கம் இருமல் கேட்டது. (சிரிப்பை அடக்கியிருக்கிறார்.) பிறகு சொன்னார்: "அது உங்களுடையது. தேயும்வரை போடுங்கள்."

அன்று பின்னேரமே சோபாவின் மஞ்சளாகிப்போன உறையைக் கிழித்தேன். உள்ளே அது நீலம். எங்கள் வீட்டுக்குள் எட்டு வருடமாக ஒரு கடல் இருந்திருக்கிறது. நாங்கள் அதன்மேல் இருந்து தேநீர் குடித்திருக்கிறோம்.

போன மாதம் அபிக்கு முதல் வேலை கிடைத்தது. ஃபோனில் அந்தச் செய்திக்கு முன்னமே சொன்னாள்:

"அம்மா, மரக்கறிக்கடைப் பை ரெண்டு எடுத்து வையுங்கோ. ஆனா அப்பாவைக் கட்ட விடாதேங்கோ."