பதினேழு சதவீதக் கோதுமை

வறட்சியை எதிர்த்துப் போராடிய அரசுகள் உலகில் ஏராளம். வறட்சியை வேலைக்கு அமர்த்திக்கொண்ட பெருமை எங்கள் தானியத் தர அலுவலகத்துக்கு மட்டுமே உரியது. அங்கே அறிக்கைப் பிரிவின் தலைவன் நான். பிரிவில் என்னைத் தவிர ஆள் யாரும் இல்லை என்பதால், தலைமைப் பொறுப்பைச் சிக்கலின்றி நடத்திவருகிறேன்.

எங்கள் பணி உன்னதமானது, எளிமையானதும்கூட. விவசாயி கொண்டுவரும் கோதுமையில் ஒரு கிண்ணம் எடுத்து இயந்திரத்தில் கொட்டுவோம். அதில் புரதம் எத்தனை சதவீதம் என்று இயந்திரம் சொல்லும். அந்த எண்ணைப் படிவத்தில் எழுதுவோம். முன்பு படிவத்தில் 'ஆயிரம் மணிகளின் எடை' என்று இன்னொரு கட்டமும் இருந்தது. அது தாளின் ஓரத்தைத் தாண்டிப் பாதி எழுத்துகள் அச்சாகாமல் போனதால், நான்தான் அந்தக் கட்டத்தையே நீக்கினேன். 'நிர்வாகச் சீர்திருத்தம்' என்று பாராட்டி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. சட்டம் போட்டு என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன்.

நான்கு ஆண்டுகளாக எங்கள் இயக்குநர் 'பதிமூன்று சதவீத இயக்கம்' நடத்திவந்தார். புரதம் பதினொன்றைத் தாண்டவில்லை. ஏக்கருக்கு ஒரு மூட்டை உரம் கூடுதலாகப் போடச் சொன்னார். ஏறவில்லை. இரண்டு மூட்டை போடச் சொன்னார். பயிர் உயரமாக வளர்ந்து காற்றில் சாய்ந்தது, எண் அசையவில்லை. இந்த ஆண்டு மழை பொய்த்தது. எண் ஒரே தாவலில் பதினைந்துக்குப் போனது.

இயக்குநர் மாடியிலிருந்து ஆய்வகத்துக்கே இறங்கி வந்தார். அங்கே பணிபுரியும் அம்மையாருக்கு இருபது ஆண்டு அனுபவம். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடும் குறைபாடு இருப்பதால், பதவி உயர்வு மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

"பதினஞ்சா? மெஷின் சரியாத்தானே இருக்கு?"

"மெஷின் சரியாத்தான் இருக்கு சார். கோதுமைதான் சரியில்ல."

அவர் நாலு மணிகளை இயக்குநரின் உள்ளங்கையில் வைத்தார். ஒட்டிய கன்னம் போல ஒவ்வொன்றும் ஒடுங்கியிருந்தது.

"மணி நிரம்புற நேரத்துல தண்ணி இல்ல சார். புரதம் எப்படியோ உள்ள வந்துடுச்சு. மாவுச்சத்துதான் வரல. போன வருஷம் ஆயிரம் மணி நாப்பது கிராம் இருந்துச்சு. இப்ப இருபத்தி நாலு. கணக்குப் போட்டா மொத்தப் புரதமே குறைஞ்சிருக்கு."

"ஆனா சதவீதம் ஏறியிருக்குல்ல?"

"நம்ம ஆபீஸ்ல ஊழியருங்கள்ல பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிட்டா, அதிகாரிங்க சதவீதம் ஏறும். அதுக்காக அதிகாரிங்க பெருகிட்டாங்கன்னு சொல்லலாமா?"

இயக்குநர் சற்று நேரம் ஆழ்ந்து சிந்தித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நல்ல யோசனை. குறிச்சுக்கோங்க."

குறித்துக்கொண்டேன்.

"இந்த மாவு ரொட்டிக்கும் ஆகாது சார்," என்றார் அம்மையார். "தண்ணியில்லாத வெயில் காய்ச்சல்ல விளைஞ்சா புரதத்தோட குணமே மாறிடும். பிசைஞ்சா பரவும், எழும்பி நிக்காது. ஒரு ரொட்டி சுட்டுப் பாத்துடலாம்."

சோதனைக்கென்று ஆய்வகத்தில் ஓர் அடுப்பு இருந்தது உண்மை. ஆனால் அது சில ஆண்டுகளாக அதிகாரிகளின் சாப்பாட்டு டப்பாக்களைச் சூடுபடுத்தும் தேசியப் பணியில் இருந்தது. சோதனை ஒத்திவைக்கப்பட்டது.

அந்த வாரமே நீர்த்தேக்கத் துறையிலிருந்து கடிதம் வந்தது. தேக்கத்தில் ஒரு முறை திறந்துவிடும் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது; கால்வாயின் கடைமடையில் தாமதமாக விதைத்த கோதுமை நிற்கிறது; கோதுமையின் தரத்துக்கு இந்தத் தண்ணீர் தேவையா என்று வியாழக்கிழமைக்குள் தெரிவிக்கவும். உடனே ஓர் அவசரக் கூட்டம் கூட்டினோம். எதிர்ச்சாரி ரொட்டிக்கடைக்காரர், கூட்டத்துக்கென்று வழக்கமாகக் கொடுக்கும் பன்களுடன் வந்தார்.

இயக்குநர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "என்னய்யா இது, பிஸ்கட்டா?"

"பன்னு சார். உங்க பதினஞ்சு சதவீத மாவு. ராத்திரியெல்லாம் வச்சிருந்தும் படுத்தது எந்திரிக்கல."

"மெலிஞ்சுதான் இருக்கு. உடம்புக்கு நல்லது," என்று கடித்த இயக்குநர், பல்லைத் தடவிக்கொண்டே ஆய்வக அம்மையாரைக் கேட்டார்: "தண்ணி திறந்தா என்ன ஆகும்?"

"மணி நிரம்பும் சார்."

"சதவீதம்?"

"பன்னெண்டுக்கு வந்துடும்."

"அதாவது, தண்ணியால தரம் குறையும்."

"சார், நான் அப்படிச் சொல்லல."

"சொல்லாததையும் புரிஞ்சுக்கிறதுதாம்மா நிர்வாகம்."

கூட்டம் இனிதே முடிந்தது. பதில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. இயக்குநர் ஒரு கருத்தரங்குக்காக வெளியூர் கிளம்பினார். தலைப்பு 'வறட்சி, ஒரு வாய்ப்பு'. போகும்போது, "நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க," என்றார். பதினெட்டு ஆண்டுப் பணியில் என் கையெழுத்து மட்டும் தனியாகப் போகும் முதல் கடிதம் அது.

புதன்கிழமை மதியம் என் அத்தான் வந்தார். அக்காவின் கணவர். கடைமடையில் எட்டு ஏக்கர். காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து நின்றார். அலுவலகத்துக்குக் கொடுத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"மாப்ளே, கதிர் பால் பிடிச்சு நிக்குது. ஒரே ஒரு தண்ணி போதும். லெட்டர் உன் மேசைக்குத்தான் வந்திருக்காமே?"

"அத்தான், இது நிபுணர் குழு முடிவு. நான் சும்மா எழுதுறவன்."

"யாரு அந்த நிபுணர்?"

"இயக்குநர்."

"அவரு கோதுமை வயலைப் பாத்திருக்காரா?"

"எங்க காலண்டர்ல ஒரு படம் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு மூட்டை உரம் போடுன்னீங்க, போட்டேன். போட்ட இடத்துலயே கிடக்கு. வேர் எடுத்துக்கத் தண்ணி வேணும்ல? காஞ்ச தொண்டையில மாத்திரையைப் போட்ட மாதிரி நிக்குது பயிர். இதுவும் போச்சுன்னா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டுக் கிடங்குல மூட்டை தூக்கத்தான் போகணும். எனக்கு அம்பத்தி மூணு வயசு மாப்ளே."

"தரம்னு ஒண்ணு இருக்கு அத்தான்."

"உங்க அக்கா ஒண்ணுதான் சொல்லி அனுப்பினா. தம்பி எழுதப்போறது ஒரு வரி, அதை நம்ம பக்கம் எழுதச் சொல்லுன்னா."

நான் ஒரு வரிதான் எழுதினேன். 'கோதுமையின் தரத்தைக் காக்கும் பொருட்டு, கடைசித் தண்ணீரைத் தவிர்ப்பது நலம்.' முதலில் 'நிறுத்தலாம்' என்றுதான் எழுதியிருந்தேன். அதில் கடுமை தெரிந்தது. அத்தான் முகம் நினைவுக்கு வந்தது. 'தவிர்ப்பது நலம்' என்று திருத்தினேன். ஓர் அரசு ஊழியன் தன் உறவினருக்குச் செய்யக்கூடிய உதவிக்கும் எல்லை உண்டு.

மதகு திறக்கவில்லை.

அறுவடை முடிந்து அத்தானின் மாதிரி வந்தபோது இயந்திரம் பதினேழு என்றது. எங்கள் அலுவலக வரலாற்றில் அதுவரை எட்டப்படாத சிகரம். ஆய்வக அம்மையார் படிவத்தை என்னிடம் தந்தபோது, ஓரத்தில் பென்சிலால் 'பதினெட்டு கிராம்' என்று சிறியதாக எழுதியிருந்தார்.

"இது என்னம்மா?"

"ஆயிரம் மணி எடை சார். எழுத இடம் இல்ல. அதான் ஓரத்துல."

படிவத்தில் கிறுக்கக் கூடாது என்பது விதி. ரப்பரை எடுத்துச் சுத்தமாக அழித்தேன்.

அடுத்த மாதம் விழா எடுத்தோம். 'பதினேழு சதவீத முன்னோடி உழவர்' என்று அத்தான் பெயருக்குப் பித்தளைக் கேடயம் தயாரானது. இயக்குநர் ஒரு மணி நேரம் பேசினார். உரம், வறட்சி, நிர்வாகம் மூன்றும் சேர்ந்து உழைத்ததன் பலன் இது என்றார். ரொட்டிக்கடைக்காரரிடம் பரிசுக் கோதுமையில் பெரிய ரொட்டி ஒன்று செய்யச் சொல்லியிருந்தோம். அது மேடையில் ஒரு தட்டின் மேல் இன்னொரு தட்டு போல இருந்தது. வந்தவர்கள் ரொட்டி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தானுக்கு அன்று வேலை நாள் என்பதால், கேடயத்தை அவர் சார்பில் நானே வாங்கினேன். கைதட்டல் கணிசமாக இருந்தது.

மறுநாள் கேடயத்துடன் கிடங்குக்குப் போனேன். அத்தான் லாரியிலிருந்து கோதுமை மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். தலையில் சாக்கை மடித்துப் போட்ட கொங்காணி, புருவமெல்லாம் தூசி. முதுகில் இருந்த மூட்டையை அடுக்கில் சரித்துவிட்டு வந்து, கேடயத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்.

"நல்ல கனமா இருக்கே."

"பித்தளை அத்தான். உங்க பேரு போட்டிருக்கு."

"நீயே வச்சுக்க. தூக்குறதுக்கு எனக்கு இங்க நிறைய இருக்கு." திருப்பிக் கொடுத்தார். பிறகு தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஆனா உன்னைக் குறை சொல்ல மாட்டேன் மாப்ளே. அம்பது கிலோ பிடிக்கிற சாக்கு இது. இந்த வருஷக் கோதுமையை வாய் வரைக்கும் நிரப்பினாலும் நாப்பதைத் தாண்டல. என் வயசுக்குத் தோதா ஆக்கிக் குடுத்திருக்க. இதையும் உன் அறிக்கையில சேத்துக்க."

நியாயமான கோரிக்கை. அலுவலகத்துக்குத் திரும்பி, கேடயத்தைப் பாராட்டுக் கடிதத்துக்குக் கீழே வைத்துவிட்டு, அவர் சொன்னதைப் பதிவு செய்யப் படிவத்தை எடுத்தேன்.

எடைக்குக் கட்டம் இல்லை.