காலுறைக்குள் போகாத காற்சட்டை

கென்யாவில் எங்கள் ககமேகா காட்டுக்குக் குரங்கு பார்க்க வருகிறவர்கள் உண்டு, பறவை பார்க்க வருகிறவர்கள் உண்டு. நான் சொல்லப்போவது காட்டுக்குள் தன்னையே பார்க்க வருகிற இனத்தை. அதற்குச் சாகசப் பிரியர் என்று பெயர்.

அடையாளம் சுலபம். நேற்று வாங்கிய பூட்ஸ், பதினான்கு பை வைத்த சட்டை, பைக்கு ஒன்றாகக் கத்தி, விசில், திசைகாட்டி, சேற்று நீரையும் வடிகட்டி உறிஞ்சும் குழாய் என்று எல்லாம் இருக்கும். வாசலிலேயே டீக்கடை இருப்பதை மட்டும் கவனிக்க மாட்டார். சிறுத்தை இல்லை என்றால் முகம் வாடிவிடும். ஏன், சிறுத்தை இவருக்கு வாக்குக் கொடுத்திருந்ததா?

நைரோபியிலிருந்து வந்த கதோகோ அந்த இனத்தில் நல்ல மாதிரி. அவருக்கு வழிகாட்டி ஷிவாச்சி. வருகையாளர் புத்தகத்தில் அவன்மேல் ஏற்கெனவே இரண்டு புகார்கள், இரண்டும் காலுறை விஷயமாக. மூன்றாவது வந்தால் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடு என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஆனாலும் சொன்னான்.

"சார், பேன்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகிக்குங்க. மழை பெஞ்சிருக்கு, படையெறும்பு கிளம்பியிருக்கும்."

"எறும்பா? நான் சிறுத்தை வருமான்னு கேட்டேன்யா. சாக்ஸுக்குள்ள சொருகிட்டுப் படம் எடுத்தா எவன் மதிப்பான்? இன்னொரு தடவ சொன்னே, புத்தகத்துல எழுதிடுவேன்."

ஷிவாச்சி தன் காற்சட்டையை மட்டும் காலுறைக்குள் சொருகிக்கொண்டு முன்னால் நடந்தான்.

அப்புறம் நடந்ததை விறகுக்காரி கசோவாதான் சொன்னாள். சிரிப்புக்கு நடுவே கேட்டதால் ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கலாம். கதோகோ பாதை நடுவில் நின்று, "மனிதக் காலடியே படாத இடத்தில் நிற்கிறேன்" என்று தன்னைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார். பின்னால் கசோவா, தலையில் விறகுக்கட்டு, காதில் போன், கிழங்கு வெந்ததா என்று மகளிடம் கேட்டபடி வருகிறாள்.

"கொஞ்சம் தள்ளிப் போம்மா, படத்துல விழறே."

"நீங்கதான் தள்ளணும் சார். எறும்பு மேல நிக்கறீங்க."

படையெறும்பு அவசரப்படாது. முழங்காலைத் தாண்டி ஏறி, எல்லாம் வந்து சேர்ந்ததும், ஒரே சமயத்தில் கடிக்கும். எங்கள் ஊரில் அதற்கு ஒரே வைத்தியம்: நின்ற இடத்திலேயே உடுத்தியதைக் கழற்று. பெண்கள் திரும்பி நின்றுகொள்வார்கள், அது மரியாதை. கசோவாவும் திரும்பி நின்றாள். சிரிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

வாசலோர முதலுதவி அறைக்கு, என்னிடம், அவரைக் கொண்டுவந்தார்கள். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் ஆட்களைக் குளிப்பாட்டித் துடைத்தவள் நான். காற்சட்டை இல்லாத ஆண்கள் எனக்குப் புதிதல்ல. அந்த எறும்பின் உடம்பைப் பிய்த்து எறிந்தாலும் தலை கடித்தபடியே இருக்கும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன்.

"அவன்மேல புகார் எழுதப்போறேன். எச்சரிக்கவே இல்ல!"

வாசலில் நின்ற ஷிவாச்சியின் கை, கழுத்திலிருந்த அட்டையைத் தொட்டது.

"தாராளமா எழுதுங்க சார். முதல்ல என் பதிவேடு. காயம், தொடையும் அதுக்கு மேலயும். காரணம், எறும்பு. பேன்ட் கழட்டின இடம்..."

"எறும்புன்னா எழுதுவீங்க?"

"வேற என்ன எழுத?"

கொஞ்சம் யோசித்தார். "காட்டு உயிரினங்களின் கூட்டுத் தாக்குதல்."

"சரி. அத்தனை பெரிய தாக்குதல்ல ஒத்தை ஆளா எப்படித் தப்பிச்சீங்க? யாராவது காப்பாத்தியிருக்கணுமே?"

அவர் மெல்ல வாசல் பக்கம் திரும்பினார்.

வருகையாளர் புத்தகத்தில் இப்போது அரைப் பக்கம் இருக்கிறது: தாக்குதலிலிருந்து தம்மை மீட்ட மாவீரர் ஷிவாச்சியைப் பற்றி. அட்டை அவன் கழுத்திலேயே இருக்கிறது. என் பதிவேட்டில், எறும்பு, நாற்பத்தாறு.

அதைப் படித்துவிட்டு அந்த இனத்தார் ஷிவாச்சியைத்தான் கேட்டு வருகிறார்கள். அவனும் சண்டை போடுவதில்லை. "தாக்குதல் வேணும்னா பேன்ட் வெளிய இருக்கட்டும் சார். வேணாம்னா உள்ள."

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, தெரியும். ஆனாலும் காலுறைக்குள் சொருகச் சொன்னதும், படத்தில் எப்படி இருப்போம் என்று ஒரு நொடி யோசித்தீர்களே? வாருங்கள். இடுக்கியைக் கொதிநீரில் போட்டு வைக்கிறேன்.