முப்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்குச் சாத்தாவாரி

எதையும் முறைப்படி செய்கிறவனுக்கு அவமானம் வராது என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். வரும். அதுவும் முறைப்படி, சாட்சிகளோடு, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தேநீர் வேளை பார்த்து வரும்.

நான் மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நிருவாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு விண்ணப்பம் எந்த மேசையில் தொடங்கி எந்த மேசையில் உறங்கும் என்பது எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு அந்த அறிவை எங்கே இறக்கி வைப்பது என்பதுதான் தெரியவில்லை. வீட்டுக்கு வரும் மின்சாரப் பட்டியலில் எழுத்துப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். (என் மனைவி சரோஜா அப்போதே சொன்னாள்: "இந்த மனிசனுக்கு ஆராவது ஒரு விசாரணை குடுங்க. இல்லாட்டி என்னைய விசாரிச்சே சாக்காட்டிப்போடும்.")

விசாரணையைத் தந்தவள் எங்கள் ஒரே மகள் தர்ஷினி. வந்தாறுமூலையில் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறாள்; கணவனோடு அங்கேயே வாடகை வீட்டில் இருந்தாள். தாய் அமிர்தகழிக் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நாங்க பிள்ளைக்கு ஆயத்தமாகலாம் எண்டு இரிக்கிறம். முதல்ல உடம்ப ஒழுங்காக்கிப்போட்டு மறுகா தொடங்குவம் எண்டு நினைக்கிறன். என்னோட படிப்பிக்கிற ஒராள் சாத்தாவாரிக் கஞ்சி நல்லம் எண்டா. நல்ல சாத்தாவாரி எங்க கிடைக்கும் எண்டு ஒள்ளுப்பம் விசாரிச்சுச் சொல்லுங்க."

"அம்மாட்டக் கேக்கல்லயா?"

"ஐயோ, அம்மாட்டச் சொல்லிப்போடாதீங்க! அம்மாக்குத் தெரிஞ்சா மலர் சின்னம்மாக்குத் தெரியும். சின்னம்மாக்குத் தெரிஞ்சாப் பெரியகல்லாறு முழுக்க என்ட வயித்தப் பாத்துக்கொண்டிரிக்கும். கலியாண வீட்டுக்குப் போனாலே 'விசேசம் ஒண்டும் இல்லயா' எண்டுதான் கேக்காங்க. ஒவ்வொரு மாசமும் ஊருக்குப் பதில் சொல்ல என்னால ஏலாது அப்பா."

சிரித்துக்கொண்டுதான் தொடங்கினாள். முடிக்கும்போது சிரிப்பு இல்லை. நான் ஒருவரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

சாத்தாவாரி என்பது தண்ணீர்விட்டான் கொடி. அவள் கேட்டது அதில் ஒரு பிடி இலை. நான் தொடங்கியது முழு விசாரணை.

முதலில் காத்தான்குடியில் ஒரு நாட்டு மருந்துக் கடை. முதலாளி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"ஆருக்கு சேர்?"

"ஒரு பெண்ணுக்கு."

"வயசு?"

"முப்பத்திரண்டு."

அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார். பிறகு மரியாதையாகப் பார்வையை மருந்துப் போத்தல்களுக்கு மாற்றிக்கொண்டார்.

"கஞ்சிக்கு எண்டா இலை, சந்தையில வாங்குங்க. மருந்துக்கு எண்டா கிழங்கு, அது என்னட்ட இரிக்கு. ஆனா சேர், பொம்பிளைக்கு மட்டும் குடுத்துச் சரி வராது. ஆம்பிளைக்கும் அமுக்கராத் தூள் குடுக்கணும். ஆம்பிளைக்கு என்ன வயசு?"

"அந்தத் தகவல் தேவையில்லை."

"தேவ சேர். வயசு போன ஆக்களுக்கு அளவு வேற."

இரண்டு பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு வந்தேன். (அங்கேயே "என் மகளுக்கு" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வாக்குக் கொடுத்தவன் சம்பந்தப்பட்டவரின் விபரத்தை வெளியிடலாமா?)

அதற்குப் பிறகு எனக்கே இதில் ஆவல் பிடித்துவிட்டது. ஓய்வு பெற்ற மனிதனுக்கு இதைப் போல ஒரு துறை கிடைப்பது அரிது. ஒரு வைத்தியர் நல்லெண்ணெய் விட்ட உளுந்தங்களி கருப்பைக்குப் பலம் என்றார். மற்ற வைத்தியர் எள்ளு சூடு, கிட்டவும் எடுக்கக்கூடாது என்றார். இருவரும் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள். பப்பாசிப் பழத்தைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் பயந்தார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவரும் சொல்லவில்லை. எல்லாரும் ஒத்துப்போன விடயங்கள் சாதாரணமானவை: நித்திரை, கீரை, அளவான உடம்பு, வெற்றிலையும் சிகரெட்டும் வேண்டாம். சோற்றோடு தேநீர் குடித்தால் கீரையில் இருக்கும் இரும்புச் சத்து உடம்பில் சேராது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, மகளுக்குச் சிபாரிசு செய்வதற்கு முன் நானே கடைப்பிடித்துப் பார்ப்பதுதான் நேர்மை என்று பகல் சாப்பாட்டுக்குப் பின் தேநீரை நிறுத்தினேன். சரோஜா கோயிலுக்குப் போன நேரங்களில் குசினியில் சிவப்பரிசியும் தேங்காய்ப்பாலும் போட்டுச் சாத்தாவாரிக் கஞ்சி காய்ச்சிக் குடித்தும் பார்த்தேன். வாசம் வீட்டை விட்டுப் போக மறுத்தது.

"கலியாணம் கட்டின நாள்ள இரிந்து வேணாம் எண்டு சொல்லாத தேத்தண்ணி," என்றாள் சரோஜா. "இப்ப ஆருக்காக இந்த உடம்பக் கட்டுறீங்க?"

நான் சுகாதாரம் பற்றி நீண்ட விளக்கம் கொடுத்தேன். நீண்ட விளக்கம் கொடுக்கும் கணவனை எந்த மனைவியும் நம்பியதில்லை.

கடைசியாக அரச தரப்பு அபிப்பிராயமும் வேண்டுமென்று புதுமணத் தம்பதிகளுக்கான கிளினிக்குக்குப் போனேன். சோடி சோடியாக உட்கார்ந்திருந்த இளம் பிள்ளைகளுக்கு நடுவில் நான் தனியாக, மடியில் வேலைக்குக் கொண்டுபோன பழைய கந்தோர்ப் பையோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு புது மாப்பிள்ளை. பெரியகல்லாற்றுப் பொடியன், கலியாணம் முடித்து எங்கள் ஊருக்கு வந்திருந்தான். அவனுடைய தாய் வீடு, என் மனைவியின் தங்கை மலரின் வீட்டுக்கு அடுத்த வளவு.

"சேர்... நீங்களுமா?" என்றான்.

"ஒரு தேவையாக வந்தேன்," என்றேன்.

குடும்ப நல மருத்துவிச்சி வேலை தெரிந்தவர், சத்தமாகப் பேசுகிறவர். வயதைக் கேட்டு எழுதிக்கொண்டு, "முப்பத்திரண்டு வயசு. அவவ ஏன் கூட்டிக்கொண்டு வரல்ல?" என்று கேட்டார்.

"அவ வரமாட்டா. இது இரகசியம்."

சோடிகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. மருத்துவிச்சி பேனையைக் கீழே வைத்தார்.

"ஐயா, இரகசியமோ பரகசியமோ, ரெண்டு பேரும் வந்தாத்தான் சரி. நிறை பாக்கணும், ரத்தம் பாக்கணும். போலிக் அசிட் குளிசையப் பிள்ளை தங்க முதலே தொடங்கணும், தங்கினாப் பிறகு ஓடி வந்து பிரயோசனமில்ல. கஞ்சி நல்ல சாப்பாடு, குடிக்கட்டும். கடையில கட்டித் தாற தூள்கள டொக்டரக் கேக்காம தொடவேணாம். சிலது கர்ப்பத்துக்குக் கூடாது. விளங்குதா?"

நல்ல தெளிவான அறிவுறுத்தல். அன்றே அமுக்கராத் தூளை எறிந்தேன். மகளுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் கணவனும் தங்கள் பக்கத்துக் கிளினிக்குக்குப் போகச் சம்மதித்தார்கள். விசாரணை திருப்தியாக முடிந்தது என்று நினைத்தேன்.

ஞாயிறு பின்னேரம் வாசலில் ஓட்டோ நின்றது. முதலில் இறங்கியவர் என் மனைவியின் அண்ணன் தம்பிராசா. வயல் வட்டையில் தண்ணீர்ப் பிணக்கு வந்தால் ஊர் அதிகாரிகளான விதானைமாருக்கு முதல் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பின்னால் மலர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. சரோஜா அவர்கள் இரண்டு பேருக்கும் தேநீர் கொடுத்தாள். எனக்கு இல்லை. பிறகு உள்ளே போய் என்னுடைய பெட்டியைக் கொண்டுவந்து வாசல் பக்கமாக வைத்தாள்.

எங்கள் ஊர் முறை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. ஆண், கலியாணம் முடித்து அங்கே போய்க் குடியேறுகிறவன். வேறு ஊர்களில் மனைவி கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவாள். இங்கே அவள் எங்கேயும் போகத் தேவையில்லை. பெட்டியை வாசலில் வைத்தால் போதும்.

"மச்சான்," என்றார் தம்பிராசா, "நீங்க ஒரு தொடுப்பு வச்சிரிக்கிறீங்க எண்டு கதை. பிள்ளைக்கும் மருந்து எடுக்கிறீங்களாம். ஓம் எண்டா ஓம் எண்டு சொல்லுங்க."

"தொடுப்பு ஒன்றும் இல்லை."

"அப்ப மருந்து ஆருக்கு?"

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை."

"பாத்தீங்களா அண்ணன்!" என்று மலர் அலறினாள். "அதிகாரம் கேக்கிற அளவுக்கு அவ இவர வச்சிரிக்கா!"

சரோஜா அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கதிரையை எனக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரணையைத் தானே எடுத்துக்கொண்டாள்.

"முப்பத்திரண்டு வயசாமே?"

நான் வேலையில் இருந்த காலத்தில் பொய் சொன்னதில்லை. "ஓம்."

"படிச்சவளா?"

"நன்றாகப் படித்தவள்."

"படிக்க வச்சது ஆரு?"

"நான்தான்."

"கடவுளே!" என்றாள் மலர்.

"அவள்ள உங்களுக்கு விருப்பமா?" சரோஜாவின் குரல் இப்போதுதான் லேசாக உடைந்தது.

"உயிர்," என்றேன். வேறு என்ன சொல்வது?

தம்பிராசா எழுந்து வெளியே போய் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓர் ஆண் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லி அவர் கேட்டிருக்க மாட்டார். ஒரே ஒரு வசனத்தால் நான் தப்பலாம். அந்த வசனம் என் மகளுடையது. பக்கத்திலோ மலர், கைத்தொலைபேசியோடு.

"இது எங்கட பிள்ளைக்குத் தெரியுமா?"

"அவளுக்கு மட்டும்தான் தெரியும்."

சரோஜா உடனே தர்ஷினிக்குத் தொலைபேசி எடுத்தாள். "உன்ட அப்பா செய்திரிக்கிற வேலை உனக்கும் தெரியுமாமே? வா, வந்து உன்ட அப்பாவக் கூட்டிக்கொண்டு போ!" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மகளும் மருமகனும் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார்கள். தர்ஷினி வாசலில் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சின்னம்மாவைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், சொல்லாதே என்று. அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

"அந்தப் பொம்பிளை நான்தான் அம்மா. மருந்து எனக்குத்தான்."

மருமகன், பாவம், முற்றத்துக்குப் போய்த் தம்பிராசாவின் பக்கத்தில் நின்றுகொண்டான்.

"என்னட்ட ஏன்டி சொல்லல்ல?" என்றாள் சரோஜா மெதுவாக.

"உங்களுக்குச் சொன்னா ஆருக்குப் போகும் எண்டு உங்களுக்கே தெரியும்தானே அம்மா."

எல்லாரும் மலரைப் பார்த்தோம். மலர் தொலைபேசியை மெல்லக் கவிழ்த்து வைத்தாள்.

நான் எதிர்பார்த்தது மன்னிப்பு. எனக்குக் கிடைத்தது தீர்ப்பு. பெட்டியை நான் தூக்கப் போக, சரோஜா யோசித்துக்கொண்டே சொன்னாள்: "இரிங்க. இப்ப நாங்க இந்தக் கதைய இல்ல எண்டு மறுத்தா, அப்ப ஆருக்கு மருந்து எண்டு கேப்பாங்க. கேட்டாப் பிள்ளையிலதான் வந்து நிக்கும்."

"அதால?" என்றேன்.

"அதால மறுக்க வேணாம். ஊர் உங்களப் பத்தியே கதைக்கட்டும். உங்கட வயித்த மாசா மாசம் ஒருத்தரும் பாக்கமாட்டாங்க."

"என்ட பேர் என்ன ஆகிறது?"

"பேர வச்சு இனி என்ன செய்யப் போறீங்க? பென்சன் வருதுதானே."

தம்பிராசா முற்றத்தில் நின்றபடியே அந்தத் தீர்மானத்தை வழிமொழிந்தார். மலர் வாய் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். அதை அவள் காப்பாற்றினாள் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். அவளிடம் சொல்லுவதற்கு அதைவிட நல்ல கதை இருந்தது, அதனால் இருக்கலாம்.

அன்றிலிருந்து நான் ஒழுக்கம் கெட்டவன். வங்கி வரிசையில் பெண்கள் விலகி நின்றார்கள். ஆண்கள் நெருங்கி வந்தார்கள். என்னோடு வேலை செய்த ஒருவர் அந்தத் தூள் எங்கே வாங்கினது என்று காதுக்குள் கேட்டார். சரோஜா கோயிலில் எல்லாம் பொறுத்துக்கொண்ட முகத்தோடு நடந்தாள். அந்த முகம் அவளுக்கு நன்றாகவே பொருந்தியது.

தர்ஷினி அதற்குள் அமைதியாக இருந்தாள். குளிசை, கீரை, கஞ்சி, நித்திரை, பின்னேர நடை. ஒருவரும் கேட்கவில்லை, அவள் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. சில மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை, அதுவும் அவளோடேயே இருந்தது. பிறகு பிள்ளை தங்கியது. எது வேலை செய்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். விசாரணை அதிகாரிக்கே தெரியாது.

சத்தியும் குமட்டலும் தொடங்கியபோது நான் மீண்டும் ஆவலோடு எழும்பினேன். படுக்கையை விட்டு எழும்ப முதல் காய்ந்த பிஸ்கட் ஒன்று, அது உதவியது. இஞ்சித் தேநீர் கொஞ்சம். சில நாள் உதவியது, சில நாள் இல்லை. வயிறு காயவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. தாளிக்கிற வாசம் மட்டும் எதற்கும் அடங்கவில்லை. மருமகன் கறிகளைத் தாளிக்காமல் சமைக்கப் பழகினான். கால் பிடிப்புக்கு நீவிவிடுவது என் மனைவியின் துறை. அதில் என்னைத் தலையிட விடவில்லை.

பேத்தி பிறந்த பிறகு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். மலர்தான் மறுத்தாள். "இத்தின பேருக்கு மாத்தி எப்பிடி மச்சான் சொல்லுற? என்னைய இனி ஆர் நம்புவாங்க?"

பேத்தியின் முதலாவது பிறந்தநாளுக்குப் பெரியகல்லாற்றில் இருந்து மலரின் மாமியார் வந்திருந்தார். கேக் வெட்டி முடிந்ததும் என் மனைவியை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், நான் கேட்கக்கூடிய அளவு மெதுவாகக் கேட்டார்.

"குறை நினைக்காத புள்ள. அங்கால... அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு இப்ப என்ன வயசு?"

சரோஜா கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை.

"இதே வயசுதான் மாமி. முகமும் இதே முகம். நல்ல காலம், அவரப் போல இல்ல."

அந்த அம்மா என் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். சரோஜாவும் கண்ணைத் துடைத்தாள், சிரிப்பை அடக்க வேறு வழி இருக்கவில்லை. நான் கேக் தட்டோடு அங்கேயே நின்றேன். போகும்போது அந்த அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார், என்னிடம் மட்டும் இல்லை.