தால்ச்சா தாங்காத சஹன்

வைக்கோலைப் பார்த்தால் மாட்டுக்குப் பசி வரும். எனக்குக் கனவு வரும். இரண்டில் மாட்டுக்கு வருவதுதான் உடம்புக்கு நல்லது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கல்யாணம் தேவைப்பட்டது. (என் கல்யாணம் இல்லை. என் லாத்தா, அதாவது அக்கா, நஸ்ரினுடையது. பாவம் அவள்.)

அறுவடை முடிந்த தஞ்சாவூர்ப் பக்கத்து வயலை விடிகாலையில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறீர்களா? பனி வரப்பு மட்டத்துக்கு இறங்கி நிற்கும். மிஷின் சுருட்டிப் போட்ட வைக்கோல் கட்டுகள், விருந்து முடிந்த மண்டபத்தில் சுருட்டி வைத்த ஜமுக்காளங்கள் மாதிரி ஆங்காங்கே கிடக்கும். கொஞ்சம் வெயில் ஏறியதும் லாரி வரும், ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும். நெல்லும் போகிறது, வைக்கோலும் போகிறது, படித்த பிள்ளைகளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு துபாய்க்கும் சென்னைக்கும் போகிறார்கள். எங்கள் ஊருக்கென்று நிற்பது வரப்பு மட்டும்தானா என்று ஏங்குவேன். ஏங்கியபடியே கண்ணயர்ந்து, இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விடுவேன். அதுவும் ஊரிலிருந்து ஹாஸ்டலுக்குத் திரும்பும் ஒவ்வொரு தடவையும்.

தஞ்சாவூரில் நான் படித்த பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் ஒரு தொழில் வளர் மையம் திறந்திருந்தார்கள். ஊரில் கிடைக்கிற பொருளை வைத்து ஊரிலேயே தொழில் செய்ய நினைக்கும் மாணவர்களுக்கு இடமும் கருவிகளும் கொடுப்பார்கள். பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் எல்லாரும் சொல்வது இன்குபேஷன் சென்டர். எங்கம்மாவுக்கு இன்குபேட்டர் என்றால் குறைமாசக் குழந்தையை வைக்கிற பெட்டிதான்.

"உன்ன ஏன்டி அதுல வச்சிருக்காங்க? நீ பத்து மாசம் முழுசா இருந்துதானே பொறந்த?" என்றாள்.

எனக்குக் கிடைத்தது ஒரு மேசை, ஒரு மின்விசிறி, போட்டால் பக்கத்து அறையில் விளக்கு எரியும் ஒரு சுவிட்ச். அதற்குள் உட்கார்ந்து நான் கண்டுபிடித்ததுதான் வைக்கோல் தட்டு. வைக்கோலை வேகவைத்து, கூழாக அரைத்து, அரிசிக் கஞ்சியில் பிசைந்து, அச்சில் அழுத்தினால் தட்டு வரும். சாப்பிட்டுவிட்டு எறிந்தால் மண்ணோடு மண்ணாகிவிடும். பிளாஸ்டிக் ஒழியும், வைக்கோல் லாரி கேரள எல்லை வரை போய்த் திரும்பி வரும், ஊர்ப் பெண்கள் எல்லாரும் என் ஆலைக்கு வேலைக்கு வருவார்கள். நான் மாடியில் நின்று அவர்களைப் பார்த்துக் கையசைப்பேன். (மாடி எப்போது கட்டினேன் என்று கேட்காதீர்கள். கனவில் கொத்தனார் சொன்ன நாளுக்கு வந்துவிடுவார்.)

இந்தக் கனவில் ஒரே ஒரு இடைஞ்சல், என் அத்தா. அவருக்குக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை. பிரியாணி தேக்சா, அகப்பை, வாளி, எல்லாவற்றுக்கும் மேலாகச் சஹன். எங்கள் ஊர் முஸ்லிம் கல்யாணங்களில் ஆளுக்கொரு இலை போட மாட்டார்கள். ஒரு பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து, சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அந்தத் தாம்பாளம்தான் சஹன். என் தட்டு ஜெயித்தால் அத்தாவின் கடை படுக்கும். பெற்ற தகப்பன் பிழைப்புக்கே வேட்டு வைக்கிற விஞ்ஞானி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அத்தா இதற்கெல்லாம் அசரவில்லை. "நஸ்ரின் கல்யாணம் வரைக்கும் பாரு ருக்கையா. அதுக்குள்ள இது நின்னுச்சுன்னா சந்தோஷம். நிக்கலேன்னா கடைக்கு வந்துடு" என்று மட்டும் சொன்னார்.

கடைக்குப் போவது என்றால் திரும்பி வருகிற கரண்டிகளை எண்ணி வாங்கி வைப்பது. கரண்டி எண்ணியே நரைத்துப் போன ஒரு ருக்கையாவை நினைத்தாலே எனக்கு வைக்கோல் மேல் பாசம் கூடியது.

மையத்துத் தலைவி வளர்மதி மேடமும் அதே மாதத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"ருக்கையா, உன் கனவெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கமிட்டிக்காரங்க கனவைக் கேக்க மாட்டாங்க. நிஜமான ஆளுங்க நிஜமாவே உபயோகிக்கிறதைக் காட்டு. இல்லேன்னா இந்த ரூமை வேற பிள்ளைங்களுக்குக் குடுத்துடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்லம்மா."

ஆக, அறையும் போகும், ஆலையும் போகும், மாடியும் போகும். அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. நஸ்ரின் கல்யாணத்துக்கே வைக்கோல் சஹன் செய்தால்? ஊரே உட்கார்ந்து சாப்பிடும்; மேடம் வந்து கண்ணால் பார்ப்பார்.

அம்மா தலையிலடித்துக்கொண்டாள். "சம்பந்தி வீட்டுக்காரங்க என்னடி நெனைப்பாங்க? பாத்திரக் கடைக்காரர் வீட்ல பாத்திரத்துக்குப் பஞ்சமான்னு கேக்க மாட்டாங்க?"

அத்தா தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு, "என் மவ செஞ்ச சஹன்ல சாப்பிடட்டுமே" என்றார். அன்று அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். பின்னால் வேறு காரணத்துக்காக அழப் போகிறேன் என்று தெரியாது.

சஹன் அளவுக்கு மையத்து மிஷினில் அச்சு கிடையாது. சின்னத் தட்டை அது சூடாக்கி அழுத்தி இறுக்கிக் கொடுத்துவிடும். பெரிய தட்டுக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அத்தாவின் கும்பகோணத்துப் பித்தளைச் சஹன்களைக் கவிழ்த்து, மேலே கூழை அப்பி, ஹாஸ்டல் மொட்டைமாடியில் வெயிலில் காயவைத்தேன். சாயங்காலக் காற்றில் அவை வரிசையாகக் கிடப்பதைப் பார்த்தால், மாடியே பொன்னிறத் தாமரைக் குளமாகத் தெரியும். நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, பெரிய கோயில் கோபுரத்தின் பின்னால் வானம் சிவப்பதைப் பார்த்தபடி, ஆலைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் வேறு ஏதாவது யோசித்திருக்கலாம். உதாரணமாக, தால்ச்சாவைப் பற்றி.

சோதனை செய்யாமல் இல்லை. ஹாஸ்டல் தயிர்ச்சோற்றைப் போட்டுப் பார்த்தேன். அசையாமல் தாங்கியது. (ஆறிப்போன அந்தத் தயிர்ச்சோற்றை நாங்களே பல வருஷமாகத் தாங்கிக்கொண்டுதான் இருந்தோம். தட்டுக்கு என்ன?)

கல்யாண நாள் வந்தது. ஆண்கள் பக்கம் நிக்காஹ் நடந்துகொண்டிருக்க, பெண்கள் பக்கம் முதல் பந்தி. பாய் விரித்து, மேலே என் பொன் தாமரைகளை வைத்தோம். மாப்பிள்ளையின் அம்மா ஜொஹரா மாமி, அவருடைய இரண்டு தங்கச்சிமார், நாலாவது ஆளாக வளர்மதி மேடம். வேண்டுமென்றே நான்தான் அந்தச் சஹனில் அவரை உட்காரவைத்தேன். கமிட்டிக்குக் காட்ட அவர் போனில் படமும் எடுத்துக்கொண்டார்.

நெய்ச்சோறு குவிந்தது. சஹன் தாங்கியது.

"மாஷா அல்லாஹ், நம்ம புள்ள செஞ்சதா? பாக்கவே குளுகுளுன்னு இருக்கே" என்றார் ஜொஹரா மாமி.

கறிக் குழம்பு வந்தது. தாங்கியது. எனக்குக் கால் தரையில் படவில்லை. பந்தலின் வெள்ளைத் துணி வழியாக இறங்கிய வெளிச்சத்தில், எல்லாரும் பாலில் மிதப்பது போலிருந்தது. கனவில் மாடிக்கு மேல் இன்னொரு மாடி எழும்பியது. சரியாக அந்த நேரத்தில், கொதிக்கக் கொதிக்க, ஆவி பறக்க, வாளியில் தால்ச்சா வந்தது.

தால்ச்சா அவசரப்படாது. பருப்பும் கத்திரிக்காயும் எலும்புமாக மெள்ள ஊறி இறங்கும். முதலில் சோற்று மேடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தங்கச்சிமாரில் ஒருவர் தன் பக்கம் போதவில்லை என்று நினைத்து இழுத்துக்கொண்டார். பிறகு இன்னொரு பக்கம் சாய்ந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டில் உட்கார்ந்துகொண்டு சாப்பாட்டைக் குறை சொல்வார்களா? அதோடு, சஹனில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது. விரலால் வழித்துச் சாப்பிட வேண்டும், அதில்தான் பரக்கத் என்கிற இறையருள் இருக்கிறது என்பது எங்கள் வளர்ப்பு. நல்ல வளர்ப்புள்ள பெண்கள் எல்லாரும் வழித்தார்கள். வழிக்க வழிக்கச் சஹனும் கூடவே வந்தது.

ஜொஹரா மாமி ஒரு வாய் மென்றார். மறுபடி மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"ஏம்மா ருக்கையா, அடியில என்னமோ வச்சிருக்கீங்களே, அது என்ன ஐட்டம்?"

"துபாய்ல ஹரீஸ்னு போடுவாங்கள்ல, கோதுமையும் கறியும் கடைஞ்சு? அதான் லாத்தா இது" என்றார் மூத்த தங்கச்சி. "கறி நார் நாரா வருது பாருங்க."

"உப்புதான் கொஞ்சம் கம்மி" என்றார் இளையவர், இன்னொரு விள்ளலைப் பிய்த்துக்கொண்டே.

வளர்மதி மேடம் என்னைப் பார்த்தார். அவர் வாயும் அசைந்துகொண்டிருந்தது. சோற்றின் நடுவில் பாயில் அச்சடித்திருந்த ரோஜாப்பூ மெள்ளத் தலைகாட்டியது. அதற்குள் பந்தியின் கடைசியிலிருந்து ஒரு கூச்சல்: "யா அல்லாஹ்! பாயில சாப்பிட்டுக்கிட்டிருக்கோம்!"

ஒரே களேபரம். தால்ச்சா நாலாபக்கமும் கிளைவாய்க்கால் பிரிந்து ஓடியது. ஜொஹரா மாமியின் பட்டுச் சேலைதான் கடைமடை.

மாமி நிமிர்ந்து பார்த்தார். "நெசத்தச் சொல்லு. என்னம்மா இது?"

"வைக்கோல், மாமி."

"வைக்கோலா?"

"கஞ்சியும் போட்டிருக்கேன் மாமி." (சமாதானமாக இருக்கட்டுமே என்றுதான் சொன்னேன்.)

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு நின்றாள். மணப்பெண் மேடையிலிருந்து நஸ்ரின் பார்த்த பார்வையில் நான் பஸ்பமாகியிருக்க வேண்டும். மாமி மிச்சத்தை விழுங்கினார். பக்கத்திலிருந்த தண்ணீரைக் குடித்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏ புள்ள, மவனுக்குப் பொண்ணு கேட்டு வந்தா, வாசல்ல கட்டி வைக்கோல் போட்டுட்டீங்களேடி!"

தங்கச்சிமாருக்குப் புரையேறியது. கூடமே சிரித்தது. எனக்கு மட்டும் எதுவும் காதில் விழவில்லை. என் அறை, என் மின்விசிறி, பக்கத்து அறை விளக்கைப் போடும் என் சுவிட்ச், எல்லாம் அந்தத் தால்ச்சாவோடு வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தன.

அழுதுகொண்டே கொல்லைப்புறம் ஓடினேன். அங்கே ஒரு லோடு ஆட்டோ நின்றது. அத்தா தார்ப்பாயை விலக்கி, எவர்சில்வர் சஹன்களை இறக்கிக்கொண்டிருந்தார். முன்கூட்டியே கொண்டுவந்து மறைத்து நிறுத்தியிருக்கிறார்!

"அப்ப என்னை நீங்க நம்பலையா அத்தா?"

"உன்ன நம்பினேம்மா. தால்ச்சாவத்தான் நம்பல" என்றார். என் கண்ணைத் தோள் துண்டால் துடைத்துவிட்டு, "ஒரு பக்கம் புடி" என்றார். இரண்டு பேருமாக இறக்கினோம். ஆண்கள் பந்தி எவர்சில்வரில் நடந்தது.

மேடம் கிளம்பும்போது என் தோளைத் தட்டினார். "கமிட்டிக்கு என்ன எழுதறதுன்னுதான் யோசிக்கிறேன். உபயோகிப்பாளர்கள் தயாரிப்பை முழுமையா உள்வாங்கிட்டாங்கன்னு எழுதட்டுமா?" என்றார். சிரிக்கவும் இல்லை. வாயில் நார் மாட்டியிருந்தது.

அறையைக் காலி செய்ய வேண்டிய நாள் நெருங்கியது. ஊருக்கு வந்து, கரண்டிகளோடு பழகத் தொடங்கியிருந்தேன். மீந்துபோன சஹன்களை அம்மா கொல்லையில் பாத்திரம் துலக்குகிற இடத்தில் விட்டெறிந்திருந்தாள். காய்கறிக் கழிவும் கழுவின தண்ணீரும் அதன் மேல்தான் விழும். ஒருநாள் காலையில் அங்கிருந்து கத்தினாள்.

"ஏ ருக்கையா, இங்க வந்து பாரு! உன் கம்பெனி மொளைச்சிருக்கு!"

தக்காளி நாற்றுகள். தட்டில் விதை விழுந்து, ஈரத்தில் முளைத்து, வேர் வைக்கோலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. காலை வெயிலில் தட்டே பச்சையாகச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. கையில் எடுத்தேன். வேரைச் சுற்றித் தட்டு கரைய ஆரம்பித்திருந்தது. என்னைக் குப்புறத் தள்ளிய அதே கரைகிற குணம்!

தட்டை மடியில் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறினேன். அன்று தூங்கவே இல்லை, ஸ்டாப்பில் சரியாக இறங்கினேன். மேடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணி பட்டா கரையுதுங்கறதுதானே இதோட குறை? நாத்துக்கு அதுதானேம்மா வேணும்!" என்றார். அந்தக் கையோடு கமிட்டியிடம் தூக்கிக்கொண்டு போனார். அறை என்னிடமே நின்றது.

இப்போது திருவையாற்றுப் பக்கம் எனக்கு ஒரு கொட்டகை இருக்கிறது. (மாடி இல்லை.) சுற்று வட்டாரத்து வைக்கோல், சுற்று வட்டாரத்துப் பெண்கள், வைக்கோலில் நாற்றுத் தட்டுகள். காய்கறி போடுகிறவர்கள் நாற்றைப் பிடுங்கி வேரை அறுக்காமல் தட்டோடு நட்டுவிடுகிறார்கள். அத்தா தன் கடையில் தேக்சாவுக்குப் பக்கத்திலேயே அதையும் அடுக்கி வைத்து விற்கிறார். வைக்கோல் லாரிகள் இன்னமும் கேரளாவுக்குப் போகத்தான் செய்கின்றன. ஒன்றிரண்டு மட்டும் என் கொட்டகைக்குத் திரும்புகின்றன. அதைப் பார்த்துக் கையசைக்க நான் தவறுவதில்லை.

எந்தக் கல்யாணத்திலும் ஜொஹரா மாமி பிஸ்மி சொல்லுமுன் சஹனை விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். 'ணங்' என்று கேட்டால்தான் கையை வைப்பார். "ருக்கையா செஞ்சது இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் முதல் வாய்.

போன பெருநாளைக்கு நஸ்ரின் வீட்டுக்குப் போயிருந்தோம். மாமி மாடித் தோட்டத்தில் என் தட்டில் விட்ட தக்காளி காய்த்துத் தள்ளியிருந்தது. தால்ச்சா முழுக்கத் தக்காளிதான். வாளியோடு வந்து என் பக்கமாகப் பார்த்து ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினார்.

"நல்லா சாப்புடு புள்ள. உன் தட்டைப் பாதிதான் அன்னைக்குத் தின்னோம். மிச்சத்த இப்பதான் தின்னு முடிக்கிறோம்."