முதல் பரிசு பெற்ற ஆற்றங்கரை

ஆம்பூர்ப் பாலாற்று மணலில் மூன்று கால் பலகையை ஊன்றி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருவன் பார்ப்பது தன் தோல் கிடங்கையே என்று கண்டதும் பரந்தாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் இறங்கினார்.

கிடங்கு நின்ற இடம் சர்க்கார் புறம்போக்கு. பரந்தாமன் அதைக் 'கம்பெனி' என்பார். கம்பெனிக்கு ஓலைக்கூரை உண்டு, பதினாறு மூங்கில் உண்டு. பட்டா மட்டும் கிடையாது.

"இன்னா தம்பி, சர்வேயா?"

"இல்லீங்க மொதலாளி, படம் வரையறேன். பேரு சாமுவேல். புதுசா வரையற பசங்களுக்கு வேலூர்ல பரிசு வச்சிருக்காங்க. ஆறு, மலைன்னு இயற்கைக் காட்சி வரையணும். ஜெயிச்சா மெடலு, மதராசுல ஒரு வருசம் படிப்பு."

"மலையை வரைஞ்சா மெடலா? யாருக்குக் காது குத்தற? யாரு குடுக்கறது?"

"கலெக்டரோட தொரைசானிங்க."

பரந்தாமனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெண்சாதியை முன்னால் விட்டு வேவு பார்க்கிறான் வெள்ளைக்காரன்!

எட்டிப் பார்த்தார். படத்தின் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குக் கிடங்கு.

"இதை எடுத்துடு."

"சின்னப் புள்ளிதாங்க அது."

"அந்தப் புள்ளியிலதான்டா என் குடும்பமே கீது!"

ஒரு தட்டு பிரியாணி வந்தது. கிடங்கு போனது. இப்போது அந்த இடம் மொட்டையாகத் தெரிந்தது. எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார்களே!

"அங்க ஒரு குளம் போடு. தாமரை ஜாஸ்தியா இருக்கட்டும்."

"பக்கத்துல காயற தோலு?"

"கொக்கா மாத்து."

"நாப்பது தோலுங்க!"

"அப்போ நாப்பது கொக்கு. தோலு பதப்படுத்தற ஆவாரம்பட்டைக் குவியலைக் குன்றாக்கு. மேல ஒரு மானை நிறுத்து."

"கண்ணால பார்க்கறதைத்தாங்க வரையணும்," என்று சாமுவேல் முனகினான்.

"கலெக்டர் கண்ணுல படக்கூடாததை வரையாத. அவ்ளோதான்."

பத்தாம் நாள் சேதி வந்தது. சாமுவேலுக்கே முதல் பரிசு. பரந்தாமன் தெருவெல்லாம் சர்க்கரை வழங்கினார்.

"வேவு பார்க்க வந்தாங்க, கொக்கு பார்த்துட்டுப் போய்ட்டாங்க!" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் காலை, கலெக்டர் ஆபீஸ் டவாலிச் சேவகன் ஒருவன் காகிதத்தோடு வந்து நின்றான். கிடங்கை மேலும் கீழும் பார்த்தான்.

"தொரைசானியம்மா சனிக்கிழமை விருந்தாளிங்களோட அந்தப் படத்துல இருக்கற இடத்தை நேர்ல பார்க்க வர்றாங்க, அதுக்குள்ள இந்தக் கொட்டாயைப் பிரிச்சுட்டு இங்க தாமரைக் குளம் வெட்டணும்னு உத்தரவு, கொக்கு தானா வந்துடும்னு தாசில்தார் எழுதிட்டாரு."